150 கிராம் சர்க்கரைக்கு எத்தனை கப்?

கேள்வி: கேக் குறிப்பில் 150 கிராம் சர்க்கரை என்று போட்டிருக்கிறது. என்னிடம் தராசு இல்லை, கப்பும் ஸ்பூனும்தான். எப்படி அளப்பது?

பதில்: சாதாரண வெள்ளைச் சர்க்கரை என்றால் பயப்படவே வேண்டாம். மைதா மாதிரி அது அமுங்காது, பொங்கி நிற்காது, அதனால் யார் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எடைதான் வரும். 240 மில்லி கப்பில் தலைதட்டி அளந்தால் 200 கிராம், ஆக உங்களுக்கு வேண்டியது முக்கால் கப். ஸ்பூனால் அளப்பதென்றால் 15 மில்லி டேபிள்ஸ்பூன் ஒன்றுக்குப் பன்னிரண்டரை கிராம், 12 ஸ்பூனில் கணக்கு முடிந்தது. டீஸ்பூனுக்கு 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைதட்டி என்றால் நிஜமாகவே தட்ட வேண்டும், கத்தியின் முதுகை வைத்து விளிம்போடு ஒரே இழுப்பு. குவித்து அள்ளிப் போட்டால் பன்னிரண்டு ஸ்பூனில் எவ்வளவு கூடுதலாகப் போயிற்று என்பதே தெரியாது.

சிக்கல் சர்க்கரையில் இல்லை, கப்பில் இருக்கிறது. அமெரிக்கக் குறிப்புகளில் வரும் கப் சுமார் 240 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200 மில்லிதான். ஸ்பூனிலும் இந்தத் தொல்லை உண்டு, ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் 20 மில்லி என்பதால் அதில் 12 ஸ்பூன் போட்டால் 150-க்குப் பதில் 200 கிராம் வந்து நிற்கும். உங்கள் ஸ்பூன் எது என்று தெரிய டீஸ்பூனால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், மூன்றில் நிரம்பினால் 15 மில்லி, நான்கு பிடித்தால் 20.

கப்புக்கு இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, தராசு இல்லாத எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்வேன். பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை எடுங்கள், அதன் எடைதான் உறையிலேயே அச்சாகியிருக்கிறதே. அதை அப்படியே உங்கள் கப்பால் தலைதட்டித் தலைதட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள், எத்தனை கப் வருகிறது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்து கப் வந்தால் உங்கள் கப்புக்கு 200 கிராம். நாலேமுக்கால் வந்தால் 210. டீ குடிக்கிற குவளையாக இருந்தாலும் சரி, ஆயிரத்தை வந்த எண்ணிக்கையால் வகுத்துக் குவளையின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள், அப்புறம் வெள்ளைச் சர்க்கரைக்கு நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: கிரீமுக்கு 200 கிராம் ஐசிங் சுகர் கேட்டிருந்தது. ஒரு கப் 200 கிராம்தானே என்று ஒரு கப் போட்டேன், கிரீம் நிற்கவே இல்லை, வழிந்துவிட்டது. ஏன்?

பதில்: நீங்கள் போட்டது 120 கிராம்தான். பொடித்த சர்க்கரையில் துகள்களுக்கு நடுவே காற்று நிறைய இருக்கும், அதனால் அதே கப்பில் எடை மிகவும் குறைந்துவிடும். சலித்துவிட்டு அளந்தால் இன்னும் இறங்கி 100 கிராம் பக்கம் வந்துவிடும். 200 கிராம் வேண்டுமென்றால் சலிக்காத பொடியில் ஒன்றரைக் கப்பும், மேலே இரண்டரை டேபிள்ஸ்பூனும் போட்டிருக்க வேண்டும்.

வீட்டில் மிக்ஸியில் பொடிப்பவர்களுக்கு இது சுலபம். பொடிப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள், ஒரு கப் சர்க்கரை அரைபட்டு எவ்வளவு பொங்கி வந்தாலும் எடை அதே 200 கிராம்தான். கடையில் வாங்கும் ஐசிங் சுகரில் கட்டி பிடிக்காமல் இருக்கப் பொதுவாகக் கொஞ்சம் சோள மாவு கலந்திருப்பார்கள், அது கிரீம் இறுகவும் சற்று உதவும், வீட்டுப் பொடியில் அது இருக்காது.

குறிப்பை நிதானமாகப் படியுங்கள். 'சலித்த ஐசிங் சுகர் 1 கப்' என்றால் சலித்த பிறகு அளக்க வேண்டும், 'ஐசிங் சுகர் 1 கப், சலிக்கவும்' என்றால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். இரண்டுக்கும் இருபது கிராம் வித்தியாசம்.

கேள்வி: பிரவுன் சுகரை அழுத்தி அளக்கச் சொல்கிறார்களே, அவசியமா?

பதில்: அவசியம். ஈரப்பசை இருப்பதால் அது கப்பில் இடைவெளி விட்டுத்தான் விழும். அழுத்தி நிரப்பினால் 200 முதல் 220 கிராம், சும்மா கொட்டினால் 150 கிராம் அளவில் நின்றுவிடும். கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே வந்து உட்கார்ந்தால் சரியாக அழுத்தியிருக்கிறீர்கள்.

கேள்வி: பழைய குறிப்பு ஒன்றில் 8 அவுன்ஸ் சர்க்கரை என்று இருக்கிறது. 8 அவுன்ஸ் ஒரு கப் தானே?

பதில்: தண்ணீருக்கும் பாலுக்கும் அப்படி. அது திரவ அவுன்ஸ், கொள்ளளவு. சர்க்கரைக்குப் போட்டிருப்பது எடை அவுன்ஸ், ஒன்றுக்கு 28 கிராம் சொச்சம், எட்டுக்கு 227 கிராம். ஒரு கப்பும் இரண்டு டேபிள்ஸ்பூனும் போடுங்கள்.

கேள்வி: பத்து இருபது கிராம் கூடக் குறைய இருந்தால் என்ன ஆகிவிடும்? இனிப்புதானே மாறும்?

பதில்: இனிப்பு மட்டும் மாறினால் நானும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பது சர்க்கரை, வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றை உள்ளே கொண்டுபோவது அதன் படிகங்கள், மேல்பகுதி பொன்னிறமாவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மாவும் முட்டையும் சூட்டில் இறுகுவதையும் அது தள்ளிப்போடும். அதனால்தான் சர்க்கரை அதிகமான கேக் உப்பி எழுந்துவிட்டு, இறுகுவதற்குள் நடுவில் அமுங்கிவிடுகிறது. குறைந்தால் வறண்டு, வெளிறிப்போய் வரும்.

200 கிராம் கேட்கும் கேக்கில் இருபது கிராம் குறைவது பெரிய விஷயமில்லை, இனிப்பு பிடிக்காதவர்கள் அந்த அளவு தைரியமாகக் குறைக்கலாம். வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்யும் மெரிங்குவில் மட்டும் கை வைக்காதீர்கள், அங்கே வெள்ளைக்கரு நுரை நிற்பதே சர்க்கரையால்தான். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 50 கிராம், அதாவது தலைதட்டிய 4 டேபிள்ஸ்பூன்.