குழந்தையின் உள்ளங்கால் அரிப்பு: தோல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் ஐந்து மாத மகளின் உள்ளங்கால்களில் சிறு கொப்புளங்கள் வந்துள்ளன. இரவில் கால்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி அழுகிறாள். மருந்துக்கடையில் வாங்கிய களிம்பால் குறைந்து, பின் முன்னிலும் அதிகமாகிவிட்டது. இப்போது எனக்கும் விரலிடுக்கில் அரிக்கிறது.

பதில்: தங்களுக்கும் அரிக்கிறது என்பதால், நான் முதலில் ஐயுறுவது சிரங்கைத்தான். பெரியவர்களுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் வரும் இந்நோய், கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகிய இடங்களிலும் வரும். கடைக் களிம்புகள் பலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு அரிப்பை அடக்குமே தவிர, சிரங்குக்குக் காரணமான, தோலுக்குள் வளை தோண்டி வாழும் பூச்சியைக் கொல்லாது. நோயின் தோற்றத்தையும் மாற்றிவிடுவதால் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். ஆகவே அதை நிறுத்திவிட்டு, குழந்தையை நேரில் காட்டுங்கள்.

சிரங்குதான் என்று உறுதியானால், 2 மாதம் நிறைந்த குழந்தைகளுக்கு அப்பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலை முதல் உள்ளங்கால் வரை, நகத்தடியையும் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவி, ஒரு வாரத்தில் மறுபடியும் தடவச் சொல்வோம். கையைச் சப்பாதிருக்கக் கையுறை போடுங்கள். தாங்களும் தடவ வேண்டும்; பாலூட்டுமுன் தங்கள் மார்பைக் கழுவிவிட்டு, பாலூட்டிய பிறகு மீண்டும் தடவிக்கொள்ளுங்கள். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகலாம் என்பதால், அரிப்பே இல்லாத தாத்தா பாட்டி உட்பட வீட்டார் அனைவரும் அதே இரவில் தடவ வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் குழந்தைக்குத் திரும்ப வரும். தொட்டில் துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

கேள்வி: மருந்து தடவி இரண்டு வாரமாகியும் அரிப்பு நிற்கவில்லையே?

பதில்: பூச்சி செத்த பின்னும் ஒவ்வாமையால் அரிப்பு 2 முதல் 4 வாரம் நீடிக்கும். பதற்றத்தில் பெர்மெத்ரினைத் திரும்பத் திரும்பத் தடவினால் தோல் எரிச்சல்தான் மிஞ்சும். புதிய கொப்புளங்கள் வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

கேள்வி: சிரங்கு ஆறிய என் பத்து மாத மகனுக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை கைகால்களில் சீழ்க்கொப்புளங்கள் வந்து மறைகின்றன. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.

பதில்: இது பெரும்பாலும் மறுதொற்று அன்று. சிரங்குக்குப் பின் சில குழந்தைகளுக்கு, கிருமியே இல்லாத இத்தகைய கொப்புளங்கள் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை தோன்றும். பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தாமாகவே நின்றுவிடும். பூச்சி இல்லையென மருத்துவர் உறுதி செய்தபின், அவர் அளவிட்டுத் தரும் ஸ்டீராய்டு களிம்பு இங்கே உண்மையிலேயே பயன்படும்.