புதுமுக வீராங்கனை வென்றார். பந்தயப் பணம் வருமா?

கேள்வி: பெண்கள் எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டைப் போட்டிகளை நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். அண்மையில் ஒரு போட்டியில், அறிமுகமாகும் வீராங்கனைமீது 20,000 ரூபாய் பந்தயம் கட்டினேன். நண்பர் காட்டிய வெளிநாட்டு இணையதளம் அது. அவர் தோற்பார் என்றே பலரும் கணித்ததால், வென்றால் ஒன்றுக்கு ஏழு என்று போட்டிருந்தார்கள். அவரே வென்றார். இணையதளத்தில் என் இருப்பு 1,40,000 ரூபாய் என்று காட்டியது. முதலில் 5,000 ரூபாய் எடுத்தேன். முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து அது வந்தது. மீதியைக் கேட்டால், லாபத்தில் 30 சதவீத வரியாக 36,000 ரூபாயை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். இதற்கிடையில், வேறு மாநில சைபர் குற்றப் போலீசார் கேட்டுக்கொண்டதாகச் சொல்லி என் சம்பளக் கணக்கை வங்கி முடக்கிவிட்டது. “ஆராய்ந்து கட்டுவது திறமை, சூதாட்டம் இல்லை. உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, வழக்குப் போடு” என்கிறார் நண்பர். நான் தமிழ்நாட்டில் வசிக்கிறேன். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த 36,000 ரூபாயைக் கட்டாதீர்கள். இன்னும் கட்டவில்லை என்றே நம்புகிறேன். இணைய விளையாட்டில் வென்ற பணத்துக்கு 30 சதவீத வரி என்பது உண்மைதான். பொய் அங்கே இல்லை. வரியை வென்ற தொகையிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் சட்டம் சொல்லும் முறை. வென்றவரிடம் தனியாகப் பணம் அனுப்பச் சொல்லி, வந்த பிறகு பரிசை விடுவிப்பதாகச் சொல்வது மோசடிக்காரர்களின் வழக்கம். வரி கட்டி முடித்ததும் ‘சரிபார்ப்புக் கட்டணம்’ வரும், அதன்பின் ‘அந்நியச் செலாவணிக் கட்டணம்’ வரும். நீங்கள் நிறுத்தும்வரை அவர்கள் நிறுத்த மாட்டார்கள்.

அடுத்தது நண்பர் சொன்ன தீர்ப்பு. அவர் காற்றில் பேசவில்லை. 1996-ல் லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, அதில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பாக எழுந்த வழக்கு அது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஓட்டுபவரின் திறன் ஆகியவற்றை எடைபோட்டே பணம் கட்டுகிறார்கள் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குதிரையின் இடத்தில் வீராங்கனையை வைத்துப் பார்த்தால் வாதம் பொருந்துவதுபோலத்தான் தோன்றும். சொல்லப்போனால், புதுமுகங்கள் விஷயத்தில் அது இன்னும் வலுவாகத் தோன்றும். அறிமுகப் போட்டியாளரைப் பற்றிப் பந்தய விகிதம் போடுபவர்களிடம் தகவல் குறைவு. சிறிய அரங்குகளில் அவர் சண்டையிட்டதையெல்லாம் பார்த்த ரசிகருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். 2024 ஜூனில் யு.எஃப்.சி. என்ற அமெரிக்க எம்.எம்.ஏ. போட்டி நிறுவனத்தின் அரங்கில் அறிமுகமான பூஜா தோமர், நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் வென்று, அங்கே வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். இந்திய அரங்குகளில் அவரைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு பெரிய வியப்பாக இருந்திருக்காது. எல்லோரும் தோற்பார் என்று சொன்னவர் வெல்வதும் இந்த விளையாட்டில் புதிதல்ல. 2015-ல் மெல்பர்னில் ரோண்டா ரௌசியை ஹாலி ஹோம் வீழ்த்தினார். 2021-ல் அமண்டா நூனஸை ஜூலியானா பெனா வீழ்த்தினார். இரண்டுமே இரண்டாம் சுற்றில் முடிந்துவிட்டன.

ஆகவே உங்கள் கணிப்பில் குறையில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை நம்பி வழக்குப் போட முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30-ஐப் பாருங்கள். பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் எதையும் கேட்டு வழக்குத் தொடர முடியாது. நிச்சயமற்ற ஒரு நிகழ்வின் முடிவை வைத்து ஒருவர் பெறுவதும் மற்றவர் இழப்பதும், அதைத் தவிர இருவருக்கும் அந்த நிகழ்வில் வேறு நலன் இல்லாததும்தான் பந்தயம். நீங்கள் எவ்வளவு ஆராய்ந்து கட்டினீர்கள் என்பது அங்கே எழாத கேள்வி. அந்தப் பிரிவு தரும் ஒரே விலக்கு, 500 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட குதிரைப் பந்தயப் பரிசுக்கான சந்தாவுக்கும் பங்களிப்புக்கும். கூண்டுக்குள் நடக்கும் சண்டைக்கு அப்படி எதுவும் இல்லை.

பந்தய ஒப்பந்தம் செல்லாதே தவிர, அதனாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது என்று 1959-ல் கெருலால் பாரக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வேறொரு சட்டம் தடை செய்யாதவரை அந்த வேறுபாடு பயன்படும். இப்போது இரண்டு சட்டங்கள் குறுக்கே நிற்கின்றன. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், இணையவழிப் பந்தயமும் சூதாட்டமே. அதில் ஈடுபடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ரம்மி, போக்கர் ஆகியவற்றைப் பொறுத்த பகுதியைத்தான் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியது. பந்தயத் தடையில் கை வைக்கவில்லை. மற்றது, 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய இணைய விளையாட்டுச் சட்டம். பணம் கட்டி விளையாடும் இணைய விளையாட்டு திறமை சார்ந்ததா, அதிர்ஷ்டம் சார்ந்ததா என்ற பாகுபாட்டையே அது எடுத்துவிட்டது. உங்கள் நண்பரின் வாதம் அத்துடன் முடிந்தது.

நண்பரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்களைச் சேர்த்துவிட்டதற்காக அவருக்கு அந்த இணையதளம் தரகு கொடுத்திருந்தால், உங்களைவிட அவர்தான் கவலைப்பட வேண்டும். மத்தியச் சட்டத்தின் தண்டனைகள் விளையாடுபவரைக் குறிவைக்கவில்லை. நடத்துபவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவர், விளம்பரப்படுத்துபவர் ஆகியோரைக் குறிவைக்கின்றன. விளம்பரத்துக்கு மட்டுமே இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்த இணைப்பை இன்னொருவருக்கு நீங்கள் அனுப்பிவிடாதீர்கள். வழக்குப் போடச் சொல்பவர் தன் பெயரில் போடட்டும்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினை. 1,35,000 ரூபாயை மறந்துவிடுங்கள். சம்பளக் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். உங்களுக்கு வந்த 5,000 ரூபாய் பெரும்பாலும் வேறொருவரை ஏமாற்றிப் பெற்ற பணமாக இருக்கும். இப்படிப்பட்ட இணையதளங்கள் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள் வழியாகப் பணத்தைச் சுழற்றுகின்றன. ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்ததும், அந்தப் பணம் போன தடத்திலுள்ள கணக்குகள் ஒவ்வொன்றாக முடக்கப்படுகின்றன. அந்தத் தடத்தில் நீங்களும் ஒரு கண்ணி.

வங்கிக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை தொடர்பாக முடக்கம் என்று கேளுங்கள். கிளையில் வாய்மொழியாகக் கேட்டால் “மேலிடத்து உத்தரவு” என்பார்கள். அது பதில் ஆகாது. சந்தேகத்துக்குரிய தொகை 5,000 ரூபாய் என்றால் அதை மட்டும் நிறுத்திவைத்து, மீதிக் கணக்கை இயங்க விடுமாறு அதே கடிதத்தில் கேளுங்கள். சிறு தொகைக்காக முழுக் கணக்கையும் முடக்குவது முறையல்ல என்று சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வங்கி அசையாவிட்டால், புகார் நிலுவையில் உள்ள எல்லைக்குரிய நீதித்துறை நடுவரிடம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 503-ன்கீழ் மனுப் போடலாம். சொத்தைக் கைப்பற்றிய அல்லது முடக்கிய போலீசார் அதை உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் பிரிவு 106. தெரிவித்தார்களா என்று கேட்பதே பல நேரங்களில் வேலையை நகர்த்திவிடும். அதற்கும் மசியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

போலீசார் விளக்கம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பலர் இந்த இடத்தில் “முதலீடு செய்தேன்”, “பொருள் விற்றேன்” என்று கதை கட்டுகிறார்கள். பந்தயம் கட்டியதற்கு உங்களுக்கு வரக்கூடிய அதிகபட்சத் தண்டனையை மேலே சொன்னேன். மோசடிப் பணத்தைக் கைமாற்றியவர் என்ற சந்தேகம் அதைவிடப் பல மடங்கு கனமானது. ஒரு பொய் உங்களை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். ஆனால் வாக்குமூலத்தை வழக்கறிஞர் பார்த்த பிறகே எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்ற அரசியலமைப்புப் பாதுகாப்பு, குற்றம் சாட்டப்பட்ட நிலை வந்தால் உங்களுக்கும் உண்டு.

நீங்கள் போட்ட 20,000 ரூபாய்? அதைப் பந்தயத் தொகை என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்டால் கிடைப்பது கடினம். ஆனால் அந்தத் தளம் உங்கள் பந்தயத்தை எங்குமே பதிவு செய்யாமல் வெறும் எண்ணைத் திரையில் காட்டியிருந்தால், அது குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன்கீழ் ஏமாற்றுதல். முன்பணமாக வரி கேட்பது அந்தச் சந்தேகத்தை வலுவாக்குகிறது. 1930-ல் அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் நீங்களும் புகார் செய்யலாம். பணம் இன்னும் ஏதேனும் இந்தியக் கணக்கில் தங்கியிருந்தால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. நாள் கடந்திருப்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டுப் பரிசுப் போட்டிகளுக்கும் லாட்டரிகளுக்கும் பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்வதால், வேறு வழியில் பணம் அனுப்பிப் பார்க்கலாமா என்று அந்தத் தளத்தின் ஆட்களிடம் கேட்கவும் வேண்டாம்.

உரையாடல்கள் எதையும் அழிக்காதீர்கள். இணையதளத்தின் முகவரி, பந்தயம் கட்டிய திரை, 20,000 ரூபாய் போன கணக்கு எண், 5,000 வந்த கணக்கு எண், வரி கேட்ட செய்தி, ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றைத் தேதி வரிசையில் அச்செடுத்து வையுங்கள். நடுவரிடம் போடும் மனுவுடன் முதலில் இணைக்க வேண்டியது சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும். முடங்கிய தொகையில் நீங்கள் உழைத்த பணம் எது, சந்தேகத்துக்குரிய பணம் எது என்பதை அவை இரண்டும்தான் பிரித்துக் காட்டும்.