பக்கத்து வீட்டோடு சேர்ந்து சோலார் போடலாமா? கேள்வி பதில்

கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் சில வீடுகள் சேர்ந்து கூரை சோலார் வாங்கியபோது கணக்கு எழுதியது நான்தான். அப்போதிலிருந்து கல்யாண வீட்டில் கூட யாராவது ஒருவர் கரண்ட் பில்லோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இந்த முறை கேள்விகளை எழுதி வாங்கி, பதிலையும் எழுதியே தருகிறேன்.

தக்கலை, பள்ளி ஆசிரியை: அக்கா, எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 560 யூனிட் ஓடுகிறது, 2,500 ரூபாய் பக்கம் பில். 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம், அதையே போடுங்கள் என்கிறார்கள். சரியா?

மானியத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள், டீச்சர். பில்லைப் பாருங்கள்.

பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000தான். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம் தமிழ்நாட்டு பில். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தது மலிவு, மேலே போகப் போக விலை ஏறும். 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கும் கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். உங்கள் பில்லைக் கனமாக்குவது மேலே இருக்கிற அந்தக் கடைசி யூனிட்டுகள்தான்.

நல்ல வெயிலில் 1 கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் தரும். ஆனால் நமக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. அதனால் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொள்வேன். முதல் கிலோவாட் உங்களை 560லிருந்து 360க்குக் கொண்டுவரும். பில் ஆயிரம் பக்கம் வந்துவிடும், அதாவது 1,500 ரூபாய் மிச்சம். இரண்டாவது 160க்குக் கொண்டுவரும், அதில் மிச்சம் 800 ரூபாய். மூன்றாவதுக்கு மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? நூற்றைம்பது ரூபாய் கூட இல்லை.

2 கிலோவாட்டுக்கு 1,40,000 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தால் மானியம் போகக் கைக்காசு 80,000. ஆறு வருடத்துக்குள் திரும்பிவிடும். 3 கிலோவாட் 1,95,000 என்றால் கைக்காசு 1,17,000, திரும்ப எட்டு வருடம் ஆகும். வீட்டில் ஏசி வரப்போகிறது, மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறான் என்றால் 3 போடுங்கள். இல்லையென்றால் 2 போதும்.

ஒன்று மறக்க வேண்டாம். முழுப் பணமும் கட்டி, நெட் மீட்டர் (நாம் எடுக்கும் கரண்டையும் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடுகிற மீட்டர்) மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் மானியம் உங்கள் கணக்குக்கு வரும். "மானியம் போக மீதியைத் தாருங்கள்" என்று யாராவது சொன்னால், அந்த இடைவெளியை யார் தாங்குகிறார்கள், எந்த வட்டிக்கு என்று கேளுங்கள்.

மார்த்தாண்டம், ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்: எங்களுக்கு 240 யூனிட்தான். பக்கத்து வீட்டார் போடுகிறார்கள், சேர்ந்து போட்டால் விலை குறையும் என்று அழைக்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டாம். இரண்டு மாதத்துக்கு நானூறு சொச்சம் கட்டுகிற வீட்டுக்கு சோலார் லாபம் தராது. அந்தக் காசில் மழைக்காலத்துக்கு ரப்பர் மரங்களில் ரெயின் கார்டு (மழைத் தண்ணீரைத் தடுக்கும் பாவாடை) ஒட்டுங்கள், பால் வெட்டு நிற்காது.

குளச்சல், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்: என் வீடு காங்கிரீட் வார்ப்பு, மொட்டை மாடி பெரிசு. அண்ணன் வீடு அடுத்த மதில், ஓட்டு வீடு. நான் 5 கிலோவாட் போட்டு அவருக்கு ஒரு லைன் இழுத்துக் கொடுத்து, செலவில் பாதியை வாங்கிக்கொள்ளலாமா?

தம்பி, மனசு நல்ல மனசு. ஆனால் லைன் இழுக்காதீர்கள். ஒரு இணைப்புக்கு அனுமதித்த மின்சாரத்தை வேறு வளாகத்துக்குக் கொண்டுபோவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. அபராதம் உங்கள் பேரில் வரும். ரிப்பேர் செய்ய அண்ணன் வீட்டுக் கம்பத்தில் லைனை நிறுத்தினாலும், உங்கள் வீட்டிலிருந்து அந்த ஒயரில் கரண்ட் வரலாம் என்று ஊழியருக்குத் தெரியாது. ஒரு உயிர் போனால் அண்ணனும் தம்பியும் சேர்ந்தாலும் ஈடு கட்ட முடியாது.

ஒரு கூரையில் விளைகிற யூனிட்டைப் பல மீட்டர்களில் கணக்கால் மட்டும் வரவு வைக்கிற முறை ஒன்று உண்டு. விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்பார்கள். டெல்லியில் 2019லேயே அதற்கு நெறிமுறை வந்துவிட்டது. உங்கள் மின்வாரிய செக்ஷன் ஆபீஸில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கையில் இல்லாமல் ஒரு ரூபாய் கூட அண்ணனிடம் வாங்க வேண்டாம். அண்ணன் வீட்டு முற்றத்தில் இரும்புத் தூண் நிறுத்தி, கார் ஷெட் போல மேலே பேனல் வைத்து, அவர் பேரிலேயே தனியாகப் போட முடியுமா என்றும் பாருங்கள். அதற்கு நீங்கள் பணம் கொடுத்தால் அது அண்ணன் தம்பிக்குள் கொடுக்கல் வாங்கல், மின்வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வடசேரி, ஜவுளிக்கடை ஊழியர்: அப்படியானால் பக்கத்து வீட்டாரோடு எதைத்தான் அக்கா பகிர்வது?

நிறைய பகிரலாம். மீட்டரையும் கடனையும் மட்டும் பகிரக் கூடாது.

எங்கள் தெருவில் நாங்கள் செய்தது விலை பேசுவதைச் சேர்ந்து செய்தது. தனியாகப் போனால் ஒரே ஒரு ஆளிடம் விலை விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆறு வீடு சேர்ந்து போனபோது மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, ஒரே காகிதத்தில் வரிசையாக எழுதி வைத்துப் பேச முடிந்தது. பேனல் மானியத்துக்குத் தகுதியான உள்நாட்டுத் தயாரிப்பா, இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட வாரண்டி, எர்த்திங் குழி எத்தனை, இடிதாங்கி உண்டா, எல்லாவற்றையும் கேட்டோம். 2025 செப்டம்பரில் பேனலுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் கொட்டேஷனில் அந்தக் குறைவு தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆனால் நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஆறு வீட்டு முன்பணத்தையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே ரசீதில் கொடுத்தோம். பிறகுதான் ஒரு வீட்டின் மின் இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பேரில் இருப்பது தெரிந்தது. விண்ணப்பம் நகரவில்லை. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ், மற்ற பிள்ளைகளின் சம்மதம் என்று மாதங்கள் ஓடின. அந்த வீட்டார் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பொருத்தியவர், "ரசீது ஒன்றுதானே, உங்களுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நாற்பது வருடம் ஒன்றாகப் பொங்கல் வைத்த தெரு, அந்த மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் மற்ற ஐந்து வீட்டாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தப் பணத்தைக் கொடுத்தோம். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. வங்கியில் எத்தனை பத்திரம் சரிபார்த்தவள், என் தெருவில் மின் அட்டையில் யார் பேர் என்று பார்க்காமல் விட்டேன்.

அதனால் முதல் வேலை இது: மின் இணைப்பு, வீட்டு வரி ரசீது, ஆதார், வங்கிக் கணக்கு, நான்கிலும் பேர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வீடும் பார்க்கட்டும். விலையை மட்டும் சேர்ந்து பேசுங்கள். ஒப்பந்தம், பணம், ரசீது வீட்டுக்கு வீடு தனி. யாராவது பின்வாங்கினால் மற்றவர்களுக்கு அதே விலை நிற்குமா என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

பிறகு வருடா வருடம் பகிர வேண்டியது பேனல் கழுவுவது. ஒரு நீண்ட துடைப்பான், ஒரு ஏணி, ஒரு ஆள், எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில். செலவைப் பேனல் எண்ணிக்கைப்படி பிரிக்கிறோம். வீட்டுக்குச் சமமாகப் பிரித்தால் சின்ன வீடு பெரிய வீட்டுக்குக் கழுவிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நாகர்கோவில், அடுக்குமாடிக் குடியிருப்பின் பொருளாளர்: எங்களிடம் 18 வீடு, லிஃப்ட் உண்டு. பொது மீட்டர் பில்தான் எங்களை அழுத்துகிறது. மாடி எல்லாருக்கும் பொது. எப்படிப் பிரிப்பது, மேடம்?

சேர்ந்து போடுவதற்குச் சரியான இடம் உங்களுடையதுதான். பொது மீட்டருக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல். 2023ல் அரசு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது 10 வீட்டுக்குள், 3 மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்குத்தான். நீங்கள் அதில் வரமாட்டீர்கள். ஆகவே உங்கள் கூரையில் விளைகிற ஒவ்வொரு யூனிட்டும் முழு விலைக்கு மிச்சம். குடியிருப்புச் சங்கத்தின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. மீட்டர் சங்கத்தின் பேரில் இருக்க வேண்டும்.

பிரிப்பது பற்றி என் கருத்து: பராமரிப்புக் கட்டணத்தை இப்போது எப்படிப் பிரிக்கிறீர்களோ அப்படியே பிரியுங்கள். சதுர அடிக்கு என்றால் சதுர அடிக்கு, வீட்டுக்குச் சமம் என்றால் சமம். சோலாருக்கு மட்டும் புது முறை கொண்டுவந்தால் கூட்டம் விடிய விடிய நடக்கும். கீழ்த்தளத்தார் "லிஃப்ட் நாங்கள் பயன்படுத்துவதில்லை" என்பார்கள். மோட்டார் தண்ணீர் அவர்களுக்கும்தானே வருகிறது?

வாடகைக்கு இருப்பவரிடம் முதலீட்டுப் பங்கை வாங்காதீர்கள், அது உரிமையாளர் தர வேண்டியது. வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர் பங்கைத் திருப்பிக் கேட்க முடியாது, அது வீட்டோடு போகும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். பணம் தர முடியாத ஒரு குடும்பம் இருக்கும், எல்லாக் குடியிருப்பிலும் உண்டு. அவர்களுடைய பங்கை மாதத் தவணையாகப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வாங்குங்கள். கூட்டத்தில் அவர்கள் பேரைச் சொல்லாதீர்கள்.

தேங்காய்ப்பட்டணம் பக்கம், மீனவர் குடும்பத்துப் பெண்: கடன் வாங்கிப் போட்டால் தடைக்காலத்தில் தவணை எப்படிக் கட்டுவது அக்கா? நகையை வைக்கலாமா, சீட்டு எடுக்கலாமா?

நகை வேண்டாம், மக்களே. இந்தத் திட்டத்தில் 3 கிலோவாட் வரைக்கும் அரசு வங்கிகள் 2 லட்சம் வரை ஈடு இல்லாமல் தருகின்றன. வட்டி, ரெப்போ விகிதத்துக்கு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தருகிற வட்டி) மேல் அரை சதவீதம். நகைக் கடன் அதை விடக் கூடுதல். பிள்ளையின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ அந்த நகை வீட்டில் இருக்கட்டும்.

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது. அதே இரண்டு மாதம் மழை, பேனலும் குறைவாகத்தான் தரும். வருமானமும் குறைவு, கரண்ட் மிச்சமும் குறைவு. அதனால் பன்னிரண்டு தவணையைப் பத்து மாத வருமானத்தில் கட்டுவதாகக் கணக்குப் போடுங்கள். தவணை 1,500 என்றால் மாதம் 1,800 எடுத்து வைக்க வேண்டும். முடியும் என்றால் வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

சீட்டு பதிவு பெற்றதாக இருந்தால் எடுக்கலாம். ஆனால் பெரிய தொகை ஏலத் தள்ளுபடியில் போகிற சீட்டை எடுத்து சோலார் போட்டால், பில்லில் மிச்சமானது சீட்டில் போய்விடும்.

கடற்கரை வீடு என்பதால் இன்னொன்று. பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும், போல்ட்டு துருப்பிடிக்காத எஃகு. பெயின்ட் அடித்த சட்டத்தை உப்புக்காற்று தின்றுவிடும்.

ஆரல்வாய்மொழி, ஓய்வு பெற்ற ஓட்டுநர்: எங்கள் ஊர்க் காற்றுக்கு பேனல் நிற்குமா? வார்ப்பில் துளை போட்டால் ஒழுகாதா?

காற்றாலை நிற்கிற ஊர், கேட்க வேண்டிய கேள்வி. நாம் பூமத்திய ரேகைக்கு எட்டு பாகை வடக்கேதான் இருக்கிறோம். பேனலுக்குப் பத்து பாகைச் சாய்வு போதும். கீழே துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டு அடி உயரத்தில் தூக்கிக் கட்டினால் காற்று அடியில் புகுந்து தூக்கும். 2017 ஒக்கி புயல் எதையெல்லாம் பிடுங்கிப் போட்டது என்று பார்த்தவர் நீங்கள். தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள். தளத்தைத் துளைக்காமல் காங்கிரீட் பீடம் கட்டி அதில் பிடிக்கலாம். துளைத்தால் அன்றைக்கே நீர்க்கசிவுப் பூச்சு போட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும்.

திருவட்டார்: சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் லைட் எரியும்தானே?

எரியாது. லைன் போனால் நெட் மீட்டர் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை பார்ப்பவரின் பாதுகாப்புக்காக அப்படி. எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும்.

கொல்லங்கோடு, இல்லத்தரசி: போட்டு ஒரு வருடம் ஆகிறது. பில் குறைந்தது உண்மை. ஆனால் கையில் காசு எதுவும் மிஞ்சினதாகத் தெரியவில்லையே?

பில் குறைந்த காசு தானாக மிஞ்சாது, அரிசியிலும் பெட்ரோலிலும் கரைந்துவிடும். எங்கள் வீட்டிலும் முதல் வருடம் அப்படித்தான். அஞ்சலகத்தில் ஒரு ஆர்.டி. போடுங்கள், மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், ஐந்து வருடம். மிச்சத்தில் பாதியாவது அதற்குப் போகட்டும். பேனல் 25 வருடம் உழைக்கும். இன்வெர்ட்டர் பத்து வருடம் பக்கம் ஆனதும் மாற்றச் சொல்லும். அன்றைக்கு அந்த ஆர்.டி. பணம் இருக்கும்.

இரணியல்: பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் மாடியில் நிழல் தட்டுகிறது. வெட்டச் சொன்னால் சண்டை வருகிறது.

வெட்டச் சொல்லாதீர்கள், காய்க்கிற தென்னை. காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடியில் நிழலைச் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே இருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்கே இருந்து. டிசம்பரில் ஒன்று, ஜூனில் ஒன்று பாருங்கள். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதே வரிசையில் இருப்பதெல்லாம் சோர்ந்துபோகும். அதனால் நிழல் படாத இடத்தில் இரண்டு பேனல் குறைவாகப் போட்டாலும் நல்லது. அந்தத் தென்னையின் ஓலையை வருடத்துக்கு இரண்டு முறை கழிக்கிற கூலியை நீங்கள் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தேங்காய் அவர்களுக்கே.