போட்டோவில் சேலையின் நிறத்தை மட்டும் மாற்றப் பார்த்தால் முகமும் ஏன் சேர்ந்து மாறுகிறது?

அரக்குச் சேலை கட்டி எடுத்த படத்தில் ஹியூ பட்டியை நகர்த்தினால் சேலையோடு முகமும் கையும் பச்சையாகிவிடுகிறது, சேலையை மட்டும் மாற்ற வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எங்கள் அண்ணி காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறார், படமெடுப்பதும் அதைச் சரிசெய்வதும் என் தலையில் விழுந்த வேலை, அதனால் இந்தப் பச்சை முகத்தை நானும் நிறையப் பார்த்தாயிற்று.

ஹியூ என்பது எல்லா நிறங்களையும் வரிசையாக அடுக்கிய 360 டிகிரி வட்டம். சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. நம் தோல் கறுப்போ மாநிறமோ, இந்த வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில்தான் வரும். தங்கச் சங்கிலியும் அங்கேதான், பின்னால் தெரிகிற தேக்குக் கதவும் அங்கேதான். அரக்கு அதற்குப் பக்கத்து வீடு. மென்பொருளுக்குச் சேலை எது, கன்னம் எது என்று எப்படித் தெரியும்? நீலச் சேலையாக இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

நான் செய்வது கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில், அதற்குக் காசு கிடையாது. முதலில் சேலையைத் தேர்ந்தெடுத்து அப்புறம் நிறம் மாற்றுவது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள், நான் அதைத் தலைகீழாகச் செய்வேன். லேயரை, அதாவது படம் இருக்கிற அடுக்கை, ஒரு நகல் எடுங்கள், மேலே இருக்கிற நகலில் ஹியூ–சாச்சுரேஷனைத் திறந்து சேலை உங்களுக்குப் பிடித்த பச்சைக்கு வரும் வரை நகர்த்துங்கள், முகம் பேய் மாதிரி ஆனாலும் கண்டுகொள்ளாதீர்கள். அப்புறம் அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க், அதாவது அதை மறைக்கிற திரை, போட்டால் பச்சையெல்லாம் மறைந்து பழைய படம் தெரியும். இப்போது மாஸ்க்கில் வெள்ளை பிரஷ்ஷால் சேலையின் மேல் மட்டும் தடவிக்கொண்டே போங்கள். விரல் மேல் வழிந்துவிட்டால் கறுப்பைத் தொட்டுத் திரும்பத் தடவினால் சரி. போட்டோஷாப்பிலும் இதே முறைதான்.

கட்டம் போட்ட சேலைக்கு இது மட்டும் போதாது. நெசவுக்காரர் ஒருவரிடம் காட்டுவதற்காக, அரக்கும் மாம்பழ மஞ்சளும் கலந்த கண்டாங்கியில் அரக்கை மட்டும் பச்சையாக்கிக் கொண்டுபோனேன். மனிதர் போனை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, பாவு பச்சைங்கிறீங்க, ஊடை மஞ்சள்ங்கிறீங்க, ரெண்டும் சேருற இடத்துல சிவப்பு எங்கேருந்து வந்துச்சு?” என்றார். பாவு நீளவாக்கு நூல், ஊடை குறுக்கு நூல். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் பழைய அரக்கும் மஞ்சளும் கலந்த ஆரஞ்சு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்த ஆரஞ்சை மட்டும் நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவியால் பிடித்து, தனியாக 60 டிகிரி போலத் தள்ளிய பிறகுதான் கிளிப்பச்சையாகி நெய்த துணி மாதிரி தெரிந்தது.

அதைவிட ஏமாற்றுவது எதிரொளி. நாங்கள் படமெடுப்பது பழைய வீட்டு வளவில், கீழே ஆத்தங்குடிக் கல், எண்ணெய் தடவியது மாதிரி மினுங்கும். சிவப்புச் சேலை அந்தத் தரையிலும், கட்டியிருப்பவரின் தாடைக்கு அடியிலும் சிவப்பை அடித்திருக்கும். சேலையைப் பச்சையாக்கிவிட்டு அதை அப்படியே விட்டால், எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாதவர்களுக்கும் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். மாஸ்க்கில் பிரஷ்ஷின் ஒபாசிட்டியை, அதாவது அது எவ்வளவு அடர்த்தியாகத் தடவும் என்பதை, குறைத்து, தரைக்குப் பாதி, தாடைக்கு 10 சதவீதம் போல ஒரு தடவல் கொடுங்கள், அவ்வளவுதான். சேலையைவிட நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

வாட்ஸப்பில் சாதாரணமாக வந்த படத்தை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஜேபெக் படத்தில் வெளிச்ச விவரத்தைவிட நிற விவரம் குறைவாகத்தான் இருக்கும், பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதி. வாட்ஸப் அதை மேலும் அமுக்கினால் விளிம்பில் நிறம் வழிந்து, எவ்வளவு கவனமாகத் தடவினாலும் முந்தியைச் சுற்றிச் சிவப்புக் கோடு நிற்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

மஞ்சளை நீலமாக்கினால் எதிர்பார்த்ததைவிட இருட்டான நீலம் வந்து நிற்கும், ஏனென்றால் நம் கண்ணுக்கு மஞ்சள் இயல்பிலேயே வெளிச்சமான நிறம், நீலம் இருட்டான நிறம், தேவையென்றால் லைட்னஸை (வெளிச்ச அளவை) ஏற்றுங்கள். வெள்ளை வேட்டிக்கும் கறுப்புச் சேலைக்கும் ஹியூவை எவ்வளவு சுற்றினாலும் ஒன்றும் நடக்காது, சுற்றுவதற்கு அங்கே நிறமே இல்லை. கலரைஸ் என்று, எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் பூசுகிற கருவி இருப்பதைப் பயன்படுத்துங்கள், கறுப்பு என்றால் அதற்கு முன்னால் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். போனில் ஸ்னாப்சீடின் செலெக்டிவ் கருவியைச் சிலர் சொல்வார்கள், அது வெளிச்சத்தையும் நிற அடர்த்தியையும் கூட்டிக் குறைக்கும், சிவப்பைப் பச்சையாக்காது. “சேலையைப் பச்சையாக்கு” என்று எழுதினால் மாற்றித் தருகிற ஏஐ செயலி ஒன்றையும் பார்த்தேன். முகம் தப்பித்தது, ஆனால் கரையில் மூன்று கோடு இருந்த இடத்தில் நான்கு போட்டுக் கொடுத்தது.