வேலையிடக் கார் பார்க்கில் தனியார் டிக்கெட்: 60 பவுண்டைக் கட்டிவிடுவதற்கு முன்

இங்கிலாந்தில் வேலை செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருப்பது, சுருக்கமாக: "லண்டனுக்கு வெளியே ஒரு பிசினஸ் பார்க்கில் அலுவலகம். பெர்மிட் அட்டை எதுவும் கிடையாது, கார் நம்பரைக் கொடுத்து வைத்தால் போதும், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். மார்ச் 3 திங்கட்கிழமை என் கார் கராஜில் இருந்ததால் கணவரின் காரில் போனேன், ரிசெப்ஷனில் இருக்கும் டேப்லட்டில் அந்த நம்பரைப் பதிந்தேன். ஆனாலும் 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60 என்று கணவர் பெயருக்குக் கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தில் தேதி மார்ச் 14, வீட்டுக்கு வந்தது 18. மேனேஜரிடம் சொன்னால் அது பார்க்கிங் கம்பெனி விஷயம் என்கிறார். கூட வேலை செய்பவர்கள் கிழித்துப் போடு, ஒன்றும் நடக்காது என்கிறார்கள். பேசாமல் 60-ஐக் கட்டிவிடட்டுமா?"

கட்டாதீர்கள். கிழித்தும் போடாதீர்கள். கட்டிவிட்டால் அதோடு முடிந்தது, பிறகு எதையும் எதிர்த்துக் கேட்க முடியாது. கிழித்துப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன், அது 60 பவுண்டைவிடப் பெரிய தலைவலி. உங்கள் கடிதத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது போலீஸோ கவுன்சிலோ போட்ட அபராதம் இல்லை. எங்கள் இடத்தில் வண்டியை நிறுத்தினாய், போர்டில் எழுதியிருந்த நிபந்தனையை மீறினாய், அந்த ஒப்பந்தப்படி இவ்வளவு கொடு என்று ஒரு தனியார் கம்பெனி அனுப்பும் பில் இது. அந்த ஒப்பந்தம் வண்டியை ஓட்டியவரோடு, வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரோடு இல்லை. ஓட்டியவர் யார் என்று கம்பெனிக்குத் தெரியாது. வாகனப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ-விடம் 2.50 பவுண்டு கட்டி, பதிவுப் பெயரையும் முகவரியையும் வாங்கி அனுப்புகிறார்கள், அதனால்தான் கடிதம் உங்கள் கணவர் பெயருக்கு வந்தது.

ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டாலும் பதிவுப் பெயர்காரரிடமே பணம் கேட்கலாம் என்ற உரிமையை 2012-ஆம் ஆண்டின் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணை அவர்களுக்குக் கொடுக்கிறது (இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்). ஆனால் சும்மா கொடுக்கவில்லை. கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கறாராக எழுதி வைத்திருக்கிறது. கண்ணாடியில் டிக்கெட் ஒட்டாமல் கேமராவில் பிடித்துத் தபாலில் மட்டும் அனுப்பினால், வண்டி நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் போதாது, வந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் தேதிகளைப் பாருங்கள். மார்ச் 3 சம்பவம், 4-ஆம் தேதி முதல் நாள், 17-ஆம் தேதி திங்கட்கிழமை பதினான்காவது நாள். தபாலில் போட்ட கடிதம், வேறு விதமாக நிரூபிக்காத வரை, போட்ட நாளுக்குப் பின் வரும் இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கடிதத்தின் தேதி 14, வெள்ளிக்கிழமை. சனி ஞாயிறு கணக்கில் வராது. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. அதாவது 18. ஒரே ஒரு நாள் தாமதம், ஆனால் அந்த ஒரு நாள் போதும்: உங்கள் கணவரிடம் பதிவுப் பெயர்காரர் என்ற முறையில் பணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லாமல் போகிறது. வியாழக்கிழமை 13-ஆம் தேதியே போட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள். கடித உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் தபால் தேதி ஏதாவது இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.

(கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது பதிவுப் பெயர்காரருக்கான கடிதம் 29-ஆம் நாளுக்கும் 56-ஆம் நாளுக்கும் இடையில் வர வேண்டும்.)

ஆக, ஓட்டியவரிடம் மட்டும்தான் அவர்களால் கேட்க முடியும், ஓட்டியது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தனியார் கம்பெனிக்கு அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை; போலீஸ் கேட்டால்தான் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கோபத்தில் உட்கார்ந்து "அன்று நான் என் கணவரின் காரில் வேலைக்கு வந்தேன், ரிசெப்ஷனில் பதிந்தேன்" என்று முதல் வரியிலேயே எழுதி அனுப்பிவிடுவார்கள். எழுதிய நொடியில் அந்த ஒரு நாள் தாமதத்துக்கு மதிப்பே இல்லை, அடுத்த கடிதம் நேராக உங்கள் பெயருக்கு வரும். எனவே எழுத வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். "இந்த வாகனம் என் பெயரில் பதிவாகியிருக்கிறது. உங்கள் அறிவிப்பு சட்டம் சொல்லும் காலத்துக்குள் வந்து சேரவில்லை, ஆகவே என்னிடம் இதை வசூலிக்க முடியாது. ஓட்டியவர் பெயரைத் தரப்போவதில்லை. மேலும் இந்த வாகனத்துக்கு அன்று அங்கே நிறுத்த அனுமதி இருந்தது. ரத்து செய்யுங்கள், மறுத்தால் மேல்முறையீட்டுக்கான எண்ணை அனுப்புங்கள்." இவ்வளவுதான், ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி. "நான் நிறுத்தினேன்" என்பதற்கு இடமே கொடுக்காமல் "வாகனம் நின்றது" என்றே எழுதச் சொல்லுங்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஓட்டியவர் பெயரைச் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. வேறு யாரோ ஓட்டினார் என்று எழுதுவது பொய், அந்தப் பக்கமே போகாதீர்கள். விஷயம் கோர்ட்டுக்குப் போய் நீதிபதி நேராகக் கேட்டால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

சரி, மேனேஜர் விஷயத்துக்கு வருவோம். "அது பார்க்கிங் கம்பெனி விஷயம்" என்பதை நான் ஏற்கவில்லை. வேலையிடக் கார் பார்க்கில் வரும் டிக்கெட்டுகளை ரத்து செய்ய வைக்கும் மிகச் சுலபமான வழி அந்த இடத்துக்காரர்தான். பார்க்கிங் கம்பெனி தானாக வந்து கேமரா மாட்டவில்லை, கட்டட உரிமையாளரோ அவர் சார்பில் நிர்வகிக்கும் ஏஜென்சியோ கூப்பிட்டுத்தான் வந்தார்கள், அவர்கள் எழுத்தில் கொடுத்த அதிகாரம் இல்லாமல் அங்கே டிக்கெட் போடவே முடியாது. உங்கள் அலுவலகம் அங்கே வாடகைக்கு இருக்கிறது. எச்ஆர் அல்லது ஃபெசிலிட்டீஸ் பார்ப்பவரிடமிருந்து அந்த ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் போனால் பாதி டிக்கெட்டுகள் அங்கேயே முடிந்துவிடும் என்பது என் அனுபவம். வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். டேப்லட்டில் அந்த நம்பர் பதிவான விவரத்தை உடனே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பழைய பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. எழுத்து தவறி பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' விழுந்திருந்தால்கூட அது உங்களுக்குச் சாதகம்தான், ஏனென்றால் நம்பரை அடிப்பதில் நேரும் சின்னப் பிழைகளுக்கு டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும் அல்லது 20 பவுண்டாகக் குறைக்க வேண்டும் என்று பார்க்கிங் கம்பெனிகள் சேர்ந்திருக்கும் சங்கங்களின் நடத்தை விதியே சொல்கிறது.

ஆனால் இங்கேயும் அதே எச்சரிக்கை. எச்ஆர் நல்ல எண்ணத்தில் "எங்கள் ஊழியர் இன்னார் அன்று இந்தக் காரில் வந்தார்" என்று எழுதிவிட்டால் காரியம் கெட்டது. "இந்த எண்ணுள்ள வாகனத்துக்கு அன்று எங்கள் அனுமதி இருந்தது, டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள், டேப்லட் பதிவை இணைத்தால் பெயர் இருக்கும் கட்டத்தை மறைத்துவிட வேண்டும். இதற்குச் சங்கடப்பட வேண்டாம், எச்ஆர்-இல் இருப்பவர்களுக்கு ஊழியர் விவரத்தை வெளியே கொடுக்காமல் இருப்பது பழக்கமான விஷயம்தான்.

கம்பெனி முதல் முறையீட்டை நிராகரிக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. அப்போது அவர்கள் எந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்று கடிதத்தின் அடியில் பாருங்கள். பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் என்றால் போப்லா என்ற சுயேச்சையான அமைப்புக்கு 28 நாளுக்குள் போகலாம், காசு கிடையாது, அங்கே நீங்கள் ஜெயித்தால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும், தோற்றால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. உங்களுடையதைப் போன்ற தேதித் தாமதம் போப்லாவில் நன்றாக எடுபடும் காரணம். இன்டர்நேஷனல் பார்க்கிங் கம்யூனிட்டி என்றால் அவர்களுக்கு வேறொரு மேல்முறையீட்டுச் சேவை இருக்கிறது. அதன் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, வாகன ஓட்டிகள் பக்கம் அங்கே அதிகம் சாய்வதில்லை. அங்கே தோற்றதும் மனம் உடைந்து பணம் கட்ட வேண்டாம். போப்லாவுக்குப் போனால் 60 பவுண்டு சலுகை போய்விடும், தோற்றால் அவர்கள் கேட்கப்போவது 100 என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள். உங்கள் தேதிகளை வைத்துப் பார்த்தால் நான் போவேன்.

தேதி சரியாக இருக்கும் மற்றவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு ஓட்டியவர் பெயரை மறைப்பதில் லாபம் ஒன்றுமில்லை. அனுமதி இருந்தது என்ற வாதத்தில் முழு பலத்தையும் போட வேண்டும். வேலை ஒப்பந்தத்திலோ ஊழியர் கையேட்டிலோ பார்க்கிங் பற்றி ஒரு வரி இருந்தால் அது தங்கம். போர்டுகளையும் போய்ப் பாருங்கள், முடிந்தால் நீங்கள் வேலைக்கு வரும் அதே நேரத்தில், இருட்டென்றால் இருட்டிலேயே படம் எடுங்கள். 100 பவுண்டு என்பது எத்தனை சின்ன எழுத்தில் இருக்கிறது, காரில் உட்கார்ந்தபடி படிக்க முடிகிறதா? "அனுமதி பெற்ற வாகனங்களுக்கு மட்டும்" என்று போர்டு சொன்னால், அனுமதி இல்லாதவருக்கு அங்கே நிறுத்தலாம் என்று யாரும் இடம் தரவே இல்லை, அப்புறம் ஒப்பந்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சில நீதிபதிகள் இதை ஏற்றிருக்கிறார்கள், சிலர் ஏற்கவில்லை.

"100 பவுண்டு அநியாயம், அவர்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லையே" என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைவளாகத்தில் இரண்டு மணி நேர இலவசத்துக்கு மேல் ஒரு மணி நேரம்போலக் கூடுதலாக நின்ற பேரி பீவிஸ் என்பவர் 85 பவுண்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 நவம்பரில் தோற்றார். போர்டு பெரிதாக, தெளிவாக இருந்தது, இடத்தை ஒழுங்காக நடத்த இப்படி ஒரு கட்டணம் வைப்பதில் நியாயமான அக்கறை இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றுவரை கம்பெனிகள் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுகின்றன.

கிழித்துப் போடச் சொன்ன நண்பர்களுக்குக் கார்டிஃபைச் சொல்லுங்கள். அங்கே வேல்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனை ஊழியர்கள் பலர் தங்கள் வேலையிடத்திலேயே வாங்கிய டிக்கெட்டுகளைக் கட்டாமல் சேரவிட்டார்கள். 2017-இல் மாதிரி வழக்காக எடுத்துக்கொண்ட மூன்று பேர் தோற்றார்கள், மற்றவர்கள் தலையிலும் அந்தத் தொகை வந்து விழுந்தது. ஆறு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். நடுவில் கடன் வசூல் ஏஜென்சிகள் 170 பவுண்டு என்று சிவப்பு எழுத்தில் கடிதம் அனுப்புவார்கள். அவர்களுக்கு வீட்டுக் கதவைத் தட்டிப் பொருளை எடுக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது, பயப்படவும் வேண்டாம், பதில் போடவும் வேண்டாம். ஆனால் வழக்குப் போடப்போகிறோம் என்று வக்கீல் கடிதம் வந்தால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். கோர்ட்டின் படிவமே வந்துவிட்டால், அது கிடைத்தது என்பதை 14 நாளுக்குள் ஒப்புக்கொண்டு பதில் எழுத 28 நாள் வாங்கிக்கொள்ள வேண்டும். இதை விட்டால் விசாரணையே இல்லாமல் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு விழும், ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது ஆறு வருடம் உங்கள் கடன் பதிவில் நிற்கும், வீட்டுக் கடனுக்குப் போகும்போது தெரியும். வீடு மாறியபோது காரின் பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்றாமல் விட்டவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். தீர்ப்பை நீக்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கே 300 பவுண்டுக்கு மேல் ஆகும். உங்கள் கணவரின் பதிவுப் புத்தகத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

எதிர்த்து நின்று வழக்கில் தோற்றால் வீடு வாசல் போய்விடாது. சிறு வழக்குப் பிரிவில் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு முழுவதையும் உங்கள் தலையில் கட்ட முடியாது. டிக்கெட் தொகையோடு கோர்ட் கட்டணமும் சின்னதாக ஒரு வக்கீல் கட்டணமும் வட்டியும்தான் பெரும்பாலும் வரும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சில இடங்களில் பார்க்கிங் கம்பெனி அலுவலகத்துக்கு எழுத, அலுவலகம் சத்தமில்லாமல் அந்தத் தொகையை ஊழியரின் சம்பளத்தில் பிடித்துவிடுகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படிப் பிடிக்கலாம் என்று இருந்தாலோ, நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருந்தாலோ ஒழிய, 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டப்படி அது செல்லாது. பிடித்தால் முதலில் எழுத்தில் கேளுங்கள், அதற்கும் அசையாவிட்டால் வேலையிடத் தகராறுகளில் ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் இலவச உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் பிடித்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவாகத்தான் அவகாசம் என்பதால், அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.