கம்பெனி மூடியாச்சு, ஃபிரேம் மட்டும் இருக்கு: வாங்கலாமா?

கேள்வி: கம்பெனியே இல்லாமல் போன பழைய மவுண்டன் பைக் ஃபிரேம் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கிக் கட்டி வடசென்னையில் ஓட்ட முடியுமா? உதிரிபாகத்துக்கு எங்கே போவது?

பதில்: தாராளமாக ஓட்டலாம். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு தொண்ணூறுகளில் செய்த ஸ்டீல் ஃபிரேம் ஒன்றைத்தான் நான் ஓட்டுகிறேன். அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி எப்போதோ கைமாறிக் காணாமல் போய்விட்டது. அதனால் எனக்கு ஒரு வேலையும் நின்றதில்லை. சைக்கிள் கம்பெனிகள் பெரும்பாலும் செய்வது ஃபிரேம் மட்டும்தான். பிரேக், கியர், பேரிங், ரிம் எல்லாம் வெளியில் வாங்கிப் பூட்டுவார்கள். அதனால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஃபிரேமில் உள்ள அளவுகள் ஊருக்கெல்லாம் பொதுவானவையா, அந்தக் கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்டவையா என்று பாருங்கள்.

க்ளைன் என்று ஒரு பிராண்ட். பெயின்ட்டைப் பார்த்தாலே மயங்கிவிடுவோம். 1995-இல் ட்ரெக் என்ற பெரிய அமெரிக்க சைக்கிள் கம்பெனி வாங்கியது, அப்புறம் பெயரே ஓய்ந்துவிட்டது. அதன் தொண்ணூறுகளின் தொடக்கத்து மாடல்களில் பெடல் அச்சின் பேரிங்கை நேராக ஃபிரேமுக்குள் அழுத்தி இறக்கியிருப்பார்கள். ஹேண்டில்பாரும் அதைத் தாங்கும் ஸ்டெம்மும் சேர்ந்து ஒரே துண்டு. ஒன்று போனால் உலகம் முழுக்கத் தேட வேண்டும். சும்மா கொடுத்தால்கூட ஓட்டுவதற்கென்று நான் வாங்க மாட்டேன், சுவரில் மாட்டலாம். ஃபேட் சிட்டி என்ற இன்னொரு பிராண்டை எடுத்துக்கொண்டால் கதை வேறு. 1982-இல் கிறிஸ் சான்ஸ் பாஸ்டன் பக்கம் சாமர்வில்லில் தொடங்கி 1994-இல் விற்றுவிட்ட பட்டறை அது. அந்த ஸ்டீல் ஃபிரேம்களுக்கு இன்றைக்கும் சாதாரண பாகங்களே போதும்.

பெடல் அச்சு உட்காரும் குழாயில் பி.எஸ்.ஏ. மரை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இந்த பி.எஸ்.ஏ. பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்த கம்பெனி. அது போய்விட்டது, அதன் மரை அளவு மட்டும் உலகமெங்கும் நிற்கிறது. பெயர் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸிடம் வந்து சேர்ந்தது. குழாயின் அகலம் 68 அல்லது 73 மி.மீ. இருக்கும், இரண்டுக்கும் கார்ட்ரிட்ஜ் (அச்சும் பேரிங்கும் சேர்ந்த ஒரே துண்டு) இன்றும் புதிதாகவே வருகிறது. கழற்றும்போது வலப்பக்கக் கப் எதிர்மரை என்பதை மெக்கானிக்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாமல் பலமாகத் திருப்பினால் மரை போய்விடும்.

பின்சக்கரத்துக்கான இடைவெளி தொண்ணூறுகளில் 135 மி.மீ. அதற்கு முந்தையதில் 126, 130 என்று வரும். ஸ்டீல் என்றால் பக்குவமாக விரித்துக்கொள்ளலாம், அலுமினியத்தில் அந்த வேலையே வேண்டாம். பிரேக்குக்கு, ரிம்மின் இரு பக்கமும் ஃபிரேமில் கான்டிலீவர் முளை (பிரேக் கையை மாட்டும் சிறு தண்டு) இருந்தால் இன்றைய வி-பிரேக் நேராக உட்காரும். எண்பதுகளின் நடுவில் வந்த சில மாடல்களில் பின்பிரேக்கைப் பெடலுக்குப் பின்னால் அடியில் வைத்திருப்பார்கள். யு-பிரேக் என்பார்கள். அதன் முளை வேறு இடத்தில் இருக்கும், வி-பிரேக் பொருந்தாது.

டயரில் ஒரு குழப்பம் வரும். கடையில் '26 டயர் கொடுங்க' என்று மட்டும் கேட்டால் பழைய லேடீஸ் சைக்கிளின் 26 x 1⅜ கைக்கு வந்துவிடும். அது வேறு ரிம். உங்களுக்கு வேண்டியது புள்ளி வைத்து எழுதிய 26 x 1.95 அல்லது 2.125, பக்கவாட்டில் 559 என்று போட்டிருக்கும். நம் ஊர் 'ரேஞ்சர்' சைக்கிள்களுக்கும் அதே அளவுதான் என்பதால் திருவொற்றியூர் தெருமுனைக் கடையிலும் டயர், டியூப் கிடைக்கிறது. இன்றைய விலையுயர்ந்த 29 அங்குல சைக்கிளுக்கு இந்த வசதி இல்லை.

இனி நேரில் பார்ப்பது. படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழன்று வரவில்லை என்றால் அங்கேயே விலையைப் பாதியாக்கலாம், அல்லது எழுந்து வந்துவிடலாம். ஸ்டீலுக்குள் அலுமினிய போஸ்ட் பிடித்துக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. வந்துவிட்டால் ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். துருத் தூள் கொஞ்சம் கொட்டினால் பரவாயில்லை, செதில் செதிலாகக் கொட்டினால் வேண்டாம். ஃபோன் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள முன்குழாய்தான் ஹெட் டியூப்; அங்கிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் குழாய் டவுன் டியூப். இரண்டும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். முன்னால் மோதிய ஃபிரேம் அங்கே லேசாகப் புடைத்திருக்கும், பெயின்ட் மயிரிழையாக வெடித்திருக்கும். அடுத்து ஒரு நூல். பின்சக்கரம் மாட்டும் ஒரு முனையில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி இழுத்து, மறு முனையில் கட்டுங்கள். சீட் டியூபுக்கும் (சீட் போஸ்ட் இறங்கும் குழாய்) நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்தால் ஃபிரேம் கோணலா என்று தெரிந்துவிடும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் நான் தொடுவதில்லை.

என் சைக்கிளுக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் முதலில் என் ஃபிரேமைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இவ்ளோ லேசா கீது, தாங்குமா?" என்றார். நியாயமான சந்தேகம்தான். நல்ல குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) குழாயின் சுவர் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால்தான் விரிசல் விட்டால் கேட் செய்யும் பட்டறையில் ஆர்க் வெல்டிங் கொடுக்கக் கூடாது, ஓட்டை விழுந்துவிடும். கேஸில் பித்தளை வைத்து ஒட்டுபவர், இல்லையென்றால் டிக் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். அலுமினிய ஃபிரேம் விரிசல் விட்டால் என்னைப் பொறுத்தவரை கதை முடிந்தது. வெல்டிங் சூட்டில் அதன் பதம் போய்விடும். மறுபடி பதப்படுத்த இங்கே யாரைத் தேடுவது? அதனால் பழையது என்றால் ஸ்டீல்தான் வாங்குவேன்.

ஆனால் ஸ்டீலுக்கு எதிரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. வாங்கியதும் குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டி, வடித்துக் காயவிடுங்கள். உள்ளே படலமாகப் படியும். மழையில் நனைந்தால் சீட் போஸ்ட்டைக் கழற்றி ஒரு ராத்திரி தலைகீழாக மாட்டிவிடுங்கள்.

ஓட்டுவதைப் பற்றி: இங்கே மலை ஏது? ஆனால் கன்டெய்னர் லாரி உழுத எண்ணூர் சாலைப் பள்ளங்கள், மீஞ்சூர் தாண்டிப் பழவேற்காடு பக்கத்து மணல் தடங்கள் எல்லாவற்றுக்கும் சஸ்பென்ஷன் இல்லாத பழைய ஸ்டீல் ஃபோர்க்கும் அகல டயரும் போதும். அந்தக் காலத்து ரப்பர் சஸ்பென்ஷன் ஃபோர்க்கோடு வந்தால் அதற்கென்று காசு கூடக் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் எலாஸ்டோமர் என்ற ரப்பர் போன்ற துண்டு இதற்குள் கெட்டியாகியிருக்கும், இல்லாவிட்டால் பொடிந்திருக்கும். அதற்குப் பதிலாக இன்றைய 100 மி.மீ. ஃபோர்க் மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, திருப்பவே மந்தமாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு, அதற்கு மேல் கூரியர் செலவு, சுங்கவரி. அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்து மொட்டைமாடியில் போட்டு வைத்த சைக்கிள்கள் சென்னையிலேயே இருக்கின்றன. அவர்கள் விற்கும்போது முழு சைக்கிளாகவே வாங்கப் பாருங்கள். வெறும் ஃபிரேம் மலிவாகத் தெரியும். சக்கரம், கிராங்க், பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு இழுத்துவிடும்.