முதியோர் இல்லத்துல பாட்டு, கோலம், கதை: கேளுங்க சொல்றேன்

குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கற முதியோர் இல்லங்கள்ல பெரியவங்களோட உக்காந்து பாடறது, வரையறது, கதை கட்டறது இதான் என் வேலை. வந்த கேள்விக்கெல்லாம் இங்கயே பதில் போட்டுடறேன்.

அக்கா, எங்க பெரியம்மா இருக்கற ஹோம்ல அப்பப்ப யாராச்சும் வந்து டான்ஸ் ஆடி சால்வை போத்திட்டு போறாங்க. அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லம்மா. அங்க பெரியவங்க வரிசையா உக்காந்து கை தட்டறாங்க, அவ்ளோதான். நான் சொல்றது அவங்களே செய்யறது. அமெரிக்காவுல ஜீன் கோஹன்னு ஒரு மனநல டாக்டர், 65 வயசு தாண்டினவங்கள வாராவாரம் கோரஸ் பாட வெச்சு, பாடாதவங்களோட ஒப்பிட்டு பாத்தாரு, 2006ல வெளியிட்டாரு. ஒரு வருஷத்துல பாடினவங்களுக்கு டாக்டர்கிட்ட போறது, மாத்திரை, கீழ விழறது எல்லாமே கம்மி. ஆனா அவங்க வீட்ல இருந்து வந்து பாடிட்டு போனவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கும் அப்படியே நடக்கும்னு நான் சொல்ல மாட்டேன்.

நாங்க படுகர், வீட்ல பேசறது படுக பாஷை. அம்மாவுக்கு டிமென்ஷியா, அதான் மறதி நோய், தமிழ்ல பேசினா பதிலே இல்ல. ஹோம்ல நாள் பூரா சினிமா பாட்டுதான் ஓடுது.

மொதல்ல அந்த ஸ்பீக்கர ஆஃப் பண்ண சொல்லுங்க, நாள் பூரா ஓடினா அது பாட்டு இல்ல, வெறும் இரைச்சல். பின்னாடி கத்துக்கிட்ட பாஷை மொதல்ல நழுவும், சின்ன வயசு பாஷை கடைசி வரைக்கும் ஒட்டிட்டு இருக்கும், நெறைய பேருக்கு இப்படித்தான். உங்க ஹட்டியில, அதான் உங்க ஊர்ல, வயசான அத்தைங்க யாராச்சும் இருந்தா ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு பாடற பாட்ட போன்ல ரெக்கார்ட் பண்ணி கொண்டு போங்க, பக்கத்துல உக்காந்து நீங்களும் கூட பாடுங்க. உங்க ஆட்டம் மெதுவான ஸ்டெப்தானே, சேர்ல இருந்தே கையால ஆடலாம். அழுதாங்கன்னா பயப்படாதீங்க, கைய புடிச்சுக்கோங்க, ரொம்ப தவிச்சா மட்டும் நிறுத்துங்க.

இன்னொண்ணு, "ஞாபகம் இருக்கா"ன்னு கேக்கவே கேக்காதீங்க, அது பரீட்சை. ஆன் பாஸ்டிங்ன்னு ஒரு அம்மா அமெரிக்காவுல 1998ல டைம்ஸ்லிப்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஒரு படத்த காட்டி "இங்க என்ன நடக்குது"ன்னு கேட்டு, என்ன சொன்னாலும் அப்படியே எழுதி, திரும்ப படிச்சு காட்டறது. தப்பான பதில்னு ஒண்ணு கிடையாது. நான் மலை ரயில் படம் ஒண்ணு காட்டினேன், ஒரு பாட்டி "ரயிலு ஹில்குரோவ் ஸ்டேஷன்ல டீ குடிக்க எறங்கிருச்சு"ன்னுச்சு, பக்கத்துல இருந்த தாத்தா "வடை வாங்காம ஏறாது"ன்னாரு, அன்னிக்கு கதை அங்கிருந்துதான் போச்சு.

அப்பா ரிடயர்ட் மிலிட்டரி. இதெல்லாம் எல்கேஜி புள்ளைங்க வேலைன்னு திட்றார் மேடம்.

அச்சடிச்ச ஆப்பிளுக்கு கலர் அடிக்க சொன்னா நானும் திட்டுவேன். நல்ல பேப்பர், நல்ல பிரஷ் குடுங்க. இல்ல வெலிங்டன் ராணுவ முகாம் பக்கம் அவர் நடந்த வழிய மேப்பா வரைய சொல்லுங்க. வேணாம்னா விட்ருங்க சார், ஓரமா உக்காந்து பாத்துட்டு இருக்கட்டும், வேணாம்னு சொல்றதுக்கும் அவருக்கு உரிமை இருக்கு.

கோத்தகிரில சின்ன ஹோம் நடத்தறோம். பட்ஜெட் கம்மி. எப்படி ஆரம்பிக்கறது?

காலையில பத்தரைக்கு மேல வைங்க. நம்ம ஊர் குளிருக்கு அதுக்கு முன்னாடி மூட்டுவலிக்காரங்க விரல் மடங்காது, சாயங்காலம் மறதி இருக்கறவங்களுக்கு குழப்பம் ஜாஸ்தி ஆகும். ஆறேழு பேர், முக்கா மணி நேரம் போதும். பிரஷ் காம்புல துணி சுத்தி தடிமனாக்குங்க, புடிக்க வரும். கண்ணு மங்கினவங்களுக்கு கருப்பு சார்ட்ல வெள்ளை சாக்பீஸ். பிரஷ் கழுவற தண்ணிய டம்ளர்ல மட்டும் வெக்காதீங்க, டீன்னு எடுத்து குடிச்சுடுவாங்க. எதையும் வாயில வெக்கறவங்களுக்கு தட்டுல அரிசி மாவு கோலம்தான் பெஸ்ட். தோடர் எம்பிராய்டரி வெக்கலாமான்னு சிலர் கேக்கறாங்க, 2013ல புவிசார் குறியீடு வாங்கினது, அழகுதான், ஆனா படம் வரையாம நூல எண்ணி எண்ணி தைக்கணும், வயசான கண்ணுக்கு அது தண்டனை. உங்க ஹோம்லயே ஒரு தோடர் பாட்டி இருந்தா கதை வேற, அவங்க டீச்சர், நாம ஸ்டூடண்ட்.

மறதி குணமாகுமா?

ஆகாது. குணமாகும்னு காசு கேட்டா குடுக்காதீங்க. அந்த நேரத்துக்கு ஆள் சந்தோஷமா, தெளிவா இருப்பாங்க, ராத்திரி பாத்துக்கற அக்காவுக்கும் அவங்க நோயாளியா இல்லாம பாட்டுக்காரியா தெரிவாங்க, நான் இதுக்குத்தான் போறேன்.

அவங்க வரைஞ்சத இன்ஸ்டால போடலாமா?

வரைஞ்சவங்கள கேளுங்க. பையன் ஓகே சொன்னா மட்டும் பத்தாது.